அய்யலுச்சாமி நினைவு நிழற்குடை

அய்யலுச்சாமித் தாத்தா செத்துப்போய், பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, சொந்தபந்தம் சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போட்டு, அவரவர் ஊருக்குத் திரும்ப தச்சன்குளம் விலக்குக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, தாத்தாவின் நிழல் அவர்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லை, நிழல் மட்டும். தலையில் துண்டை உருமா கட்டி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையைப் புருவத்துக்கு மேலே பிடித்து, பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி, உயிரோடு இருந்த காலத்தில் எப்படி நிற்பாரோ அச்சு அசலாக அப்படியே ரோட்டோரத்துச் சரளை மேல் விழுந்து கிடந்தது. வந்தவர்களும் வெயில் தாங்காமல் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக அதற்குள் போய் நின்றுகொண்டார்கள். பூக்கட்டி விற்கிற சீனியம்மாள் மட்டும், "பாத்தீகளா, மனுசன் செத்தும் இந்த விலக்க விட்டுப் போகலையே!" என்று சொல்லிவிட்டுத் தன் பூக்கூடையையும் நகர்த்தி அதற்குள் வைத்தாள்.

அவருக்கு அந்த இடம் அப்படி. பஞ்சாலையில் மூட்டை தூக்கிய உடம்பு. வேலையிலிருந்து நின்ற மறுநாளே, காலையில் குளித்து, துண்டை உதறித் தலையில் கட்டி, வேலைக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பி விலக்குக்கு வந்தவர்தான், அதற்கப்புறம் சாகிறவரைக்கும் ஒரு நாள் தவறவிட்டது கிடையாது. பெரிய ரோட்டிலிருந்து ஊர்ப்பாதை பிரிகிற இடம், ஒரு மைல்கல், ஒரு குழாயடி, வேறென்ன இருக்கிறது அங்கே? அவர் எந்தப் பஸ்ஸிலும் ஏற மாட்டார். யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும், "யாரு வீட்டுக்கு? கொம்பையா வீட்டுக்கா? அவருக்கு மூட்டுவலி தேவலையாமா?" என்று கேட்க வேண்டும், ஏறுகிறவர்களைப் பார்த்து "பத்திரமா போய்ட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும், அந்த மனுசனுக்கு அதுதான் சினிமா, அதுதான் கோயில் கொடைத் திருவிழா. ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் புளிய மரங்களையெல்லாம் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்தக் கரிசல் வெயிலுக்கு ஒதுங்க அவரை விட்டால் நாதி கிடையாது. ஆளும் சும்மா இல்லை, உயரத்துக்கு உயரம், அகலத்துக்கு அகலம். பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பளைகளும் பிள்ளைகளும் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, சூரியன் நகர நகர அவரும் நகர்ந்து நகர்ந்து நிற்பார்.

அவருடைய நிழலில் அதிகமாக நின்றவள் பேத்தி சண்முகக்கனிதான். அவள் அப்பன் எங்கோ வடக்கே போனவன் போனவன்தான். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு விடியுமுன் போய்விடுவாள். பிள்ளைக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டதெல்லாம் தாத்தாதான். ரிப்பனை மூட்டைக்குக் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிவிடுவார், சாயங்காலம் அவிழ்க்கத்தான் அரைமணி நேரம் ஆகும். விலக்கில் நிற்கும்போது அவள் எதிரே போய் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று, "இப்ப கண்ணு கூசுதா கனி?" என்று கேட்பார். கூசாது. தான் படித்ததும், தையல் கற்றதும், உள்ளூரிலேயே நல்ல இடத்தில் வாக்கப்பட்டதும், இப்போது சொந்தமாகத் தையல்கடை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதும் எல்லாமே அந்த முதுகு வாங்கிய வெயில்தான் என்று கனிக்குத் தெரியும், அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை, அதுதான் அவளைப் போட்டு அரித்தது.

நிழல் நிற்கிறது என்று சேதி வந்ததும் கனி கத்திரிக்கோலைப் போட்டது போட்டபடி ஓடினாள். ஓடிப்போய் அதற்குள் நின்றாள். மற்ற நிழல் மாதிரி இல்லை அது, பழகின நிழல். உடம்பில் பட்டதும் கண்கூச்சம் நின்றது. "வந்துட்டீகளா தாத்தா" என்று கேட்டு, பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சீனியம்மாள்தான் கொஞ்சம் பூவைக் கிள்ளி, சுவாமி படத்துக்குப் போடுகிற மாதிரி, நிழலின் காலடியில் போட்டாள்.

அதற்கப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஆரம்பத்தில் சில சிக்கல் இருந்தது, இல்லாமல் எப்படி? செருப்புக் காலோடு நிழலின் தலையில் ஏறி நிற்கலாமா என்று ஒரு பெரிய வழக்கு வந்து, பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் போய், உருமாக்கட்டுப் பகுதியில் நிற்பவர்கள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், தோளுக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. காலையில் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூராவும் அடங்கும். சாயங்காலம் கிழக்கே குழாயடி தாண்டிப் போகும், சந்தைக்குப் போய் வருகிற கூட்டமே கொள்ளும். உச்சிப் பொழுதில்தான் சுருங்கிச் சுருங்கி ஒரே ஒரு ஆளுக்குக் காணும், அந்த இடத்தைப் பிள்ளைத்தாய்ச்சிக்கோ கைக்குழந்தைக்காரிக்கோ விட்டுவிட வேண்டும் என்று யாரும் தீர்ப்பு சொல்லாமலே வழக்கமாகிப் போனது. ஒருத்தி கறிவேப்பிலையை நிழலில் உலர்த்தப் போகிறேன் என்று முறத்தோடு வந்து, "ஏத்தா, தாத்தா என்ன ஒங்க வீட்டுக் கூடமா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். ஜோசியர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, பரிகாரம் எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, வெயில் தணிகிறவரைக்கும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். டவுன் பஸ் டிரைவர்கள் படிக்கட்டு சரியாக நிழலின் ஓரத்தில் வருகிற மாதிரி வண்டியை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள், புதிதாக வந்த டிரைவர் தள்ளி நிறுத்தினால், "அய்யலுச்சாமிகிட்ட நிப்பாட்டுப்பா!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். மேகம் மூடினால் நிழல் இராது. "இன்னைக்குத் தாத்தா லீவு" என்று சொல்லிக்கொள்வார்கள். பஸ் ஏறுகிறபோது அநேகம் பேர் திரும்பி நிழலைப் பார்த்து, "வாரோம் தாத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்கள், அப்படிச் சொன்னவர்களில் அவரை உயிரோடு பார்த்திராதவர்களும் உண்டு.

கனிக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் வருஷம் திரும்பப் போகிற சமயத்தில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. தாத்தாவுக்கு நன்றியாக ஏதாவது செய்ய வேண்டும், அவர் பேர் போட்டு, அவருக்குப் பிடித்த அதே இடத்தில், நாலு பேருக்கு உபயோகமாக. யோசித்து யோசித்து நிழற்குடை கட்டலாம் என்று முடிவுக்கு வந்தாள். சொன்னதும் ஊரே துள்ளிக் குதித்தது. "அடி என் தங்கமே! இது நமக்குத் தோணலையே!" என்று சீனியம்மாள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். சிமெண்டுக்கு ஒருத்தர், கம்பிக்கு ஒருத்தர் என்று ஏற்றுக்கொண்டார்கள், கொத்தனார் சுடலைமுத்து, "தாத்தாவுக்குக் கட்டுறதுக்கு எனக்குக் கூலி வேறயா?" என்று கோபித்துக்கொண்டார்.

பேசாத பேச்சு இல்லை. எந்த நிறம் அடிப்பது? ஒவ்வொரு நிறமும் ஏதாவது ஒரு கட்சிக் கொடியில் இருந்து தொலைத்தது. கடைசியில் கத்திரிப்பூ நிறம் என்று முடிவானது. எந்தப் போட்டோ போடுவது? எப்போதும் பல் தெரியப் பேசிக்கொண்டிருந்த மனுசன், கேமராவைக் கண்டால் மட்டும் திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பார், இருந்த படம் எல்லாமே முறைக்கிற படம்தான். இருப்பதில் குறைச்சலாக முறைக்கிற படம் ஒன்றைப் பொறுக்கினார்கள். போர்டில் யார் பேர் முதலில், ரிப்பன் வெட்டுவது யார், சாப்பாடு வெஜிடபிள் பிரியாணியா சாம்பார் சாதமா, எல்லாம் பேசினார்கள். கூரைக்கு அடியில் தாத்தாவின் நிழல் எப்படி விழும் என்று ஒரு ஜீவன்கூட, கனி உள்பட, கேட்கவில்லை. அத்தனை அன்பு எல்லோருக்கும்.

மூன்று பக்கம் சுவர் எழும்பி, கூரைக்குக் கான்கிரீட் போட்டு, கட்டுகிறவரைக்கும் மறைத்திருந்த படுதாவையும் பலகையையும் பிரித்து, மாவிலை கட்டி, தலைவர் ரிப்பனை வெட்டி, எல்லோரும் கைதட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. முறைத்தபடி தாத்தா போட்டோவில் இருந்தார். தரையைப் பார்த்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். சீனியம்மாள் கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கனி வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள், மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள், சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். எங்கும் இல்லை. கத்திரிப்பூ நிறத்துக் கட்டடத்தின் நிழல்தான் சதுரமாகக் கிடந்தது.

"பாவி நான், என் தாத்தாவை நானே மூடிப்புட்டேனே!" என்று அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் தடவை சாவு எடுத்துக்கொண்டு போனதற்கு யாரையும் நோக முடியாது. இந்தத் தடவை தன் கையாலேயே அனுப்பிவிட்டோமே என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தையல்கடையில் ஒருத்தி ஜாக்கெட்டுக்கு இன்னொருத்தி கையைத் தைத்து வைத்தாள். ஊருக்கும் மனசு சரியில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கூரையின் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்கள் மாதிரி கம்மென்று இருந்தார்கள். கடைசியில் தலைவரே கனி வீட்டுக்கு வந்தார். "அழாத கனி. போனது போகட்டும். கூரையை இடிச்சிருவோம். சுவரும் போட்டோவும் இருக்கட்டும். வெயில் விழுந்தா அவரு வந்துருவாரு" என்றார். கனி தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலைமுத்து சம்மட்டியோடு வருவதாகப் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தையல்கடை வாசலில் பொன்னுத்தாயி வந்து நின்றாள். கல்குவாரியில் வேலை செய்கிறவள். குவாரிக்குப் போகிற பஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். அந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்தது கிடையாது. மகளுக்கு யூனிபார்ம் தைக்கத் துணி கொண்டுவந்திருந்தாள். துணியைக் கொடுத்த பிறகும் போகாமல், சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"என்னக்கா? அளவுச் சட்டை கொண்டாந்தீகளா?" என்று கனி கேட்டாள்.

"தாயி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடக் கூடாது. நீங்க தேடுறவுக எங்க பக்கம் நிக்காக. கூரை போட்ட மறுநாளே வந்துட்டாக. நாங்க யாரும் கூப்பிடலை, சத்தியமா. அவுகளாத்தான் வந்தாக. சொன்னா கூட்டிட்டுப் போயிருவீகன்னு பயந்துக்கிட்டு எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டோம். நீங்க சோறு தண்ணி இல்லாம கெடக்கீகன்னு கேட்டப்புறம் எனக்கு வயிறு எரியுது."

கனி எழுந்து நடந்தாள், நடை ஓட்டமானது. விலக்கில் சுடலைமுத்து ஏணி சாத்திக் கூரைமேல் ஏறிச் சம்மட்டியோடு நின்றுகொண்டிருந்தார், கீழே தலைவரும் சீனியம்மாளும் இன்னும் கொஞ்சம் பேரும் நின்றார்கள். "கனி வரட்டும்னுதான் நிக்கேன்!" என்று அவர் மேலேயிருந்து கத்தியது காதில் விழாமல் ரோட்டைக் கடந்தாள்.

நின்றுகொண்டிருந்தார். அதே உருமா, இடுப்பில் அதே கை. நிழலுக்குள் குவாரிப் பெண்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், இவளைக் கண்டதும் ஒவ்வொருத்தியாக வெயிலுக்கு விலகினார்கள். பொன்னுத்தாயியின் சின்ன மகள் ஹரிணி மட்டும் விலகவில்லை. அவள் தாத்தாவின் நெஞ்சு விழுகிற இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கல் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் ஒரு பொட்டு வெயில் இல்லை.

அதைப் பார்த்ததும் கனிக்கு முதலில் வந்தது கோபம்தான். பொய் சொல்வானேன், சின்னப்பிள்ளைக் கோபம். "ஏன் தாத்தா, என்னை விட்டுட்டு இங்க வந்து நிக்கீகளே, நான் என்ன செஞ்சேன்? ஒங்க பேரு நெலைக்கணும்னுதானே கட்டினேன்? நீங்க எனக்குச் செஞ்சதுக்கு ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லலையேன்னுதானே கட்டினேன்? வந்துருங்க. கூரையை எடுக்கச் சொல்லியாச்சு. வந்துருங்க தாத்தா" என்று நிழலின் கால் அருகே குனிந்து சொன்னாள்.

"போகட்டும் தாயி, கூட்டிட்டுப் போங்க" என்றாள் பின்னாலேயே வந்து சேர்ந்த பொன்னுத்தாயி. "நாங்க வெயில்ல நின்னு பழகினவுக. இத்தனை நாள் நின்னதுக்கே அவுகளுக்குப் புண்ணியம். எங்களுக்குன்னு ஒரு ஆளு வந்து நின்னாகல்ல, அதுவே போதும்."

கனி பதில் சொல்ல வாயெடுக்கும்போதே தெற்கே கருத்துக்கொண்டு வந்த மேகம் சூரியனை மூடியது. தாத்தா கண்ணெதிரே மங்கினார், சாயம் போகிற மாதிரி மங்கிப் போய்விட்டார். அடுத்த மூச்சில் மழை கொட்டியது. சாதாரண மழையா, ஐப்பசி மழை! குவாரிப் பெண்கள் யூரியாச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குறுகினார்கள், பொன்னுத்தாயி மகளை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள், எங்கே ஒதுங்குவது என்று ஒருத்தி கூடச் சுற்றிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒதுங்க இடம் இருந்ததே இல்லை, பார்த்து என்ன ஆகப்போகிறது?

"ஏ பிள்ளைகளா! கூறு கெட்டவளுகளா! அங்க நின்னு நனையிறீகளே, இங்க ஓடி வாங்கடி!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சீனியம்மாள் கத்தினாள்.

கனி ஹரிணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள், எல்லோரும் பின்னால் ஓடினார்கள். கத்திரிப்பூ நிறக் கூரையின் கீழே இந்தப் பக்கத்துக்காரர்களும் அந்தப் பக்கத்துக்காரர்களும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து குழந்தைக்காரிகளுக்கு இடம் விட்டார்கள், யாரோ துண்டை நீட்டினார்கள், இன்னும் யாரோ, "நீ யாரு மகம்மா? குவாரிக்கு எங்கேருந்து வாரீக?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். சுடலைமுத்து தொப்பலாக நனைந்து ஏணியிலிருந்து இறங்கி, சம்மட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக் கூட உள்ளே ஒழுகவில்லை, அவர் அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். ஹரிணி கனியின் இடுப்பில் இருந்தபடியே மழைக்குள் கையை நீட்டி நீட்டி இழுத்தாள்.

கனி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். தாத்தாவிடம் இத்தனை நாள் சொல்லாமல் விட்ட வார்த்தை இப்போது தானாக வந்தது. "நல்லா இருங்க தாத்தா. என்னை நல்லா வச்சிருந்தீக" என்று மழையைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்ற பொன்னுத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை கொஞ்சம் விட்டதும் சுடலைமுத்து தொண்டையைச் செருமினார். "என்ன கனி, ஆரம்பிக்கட்டுமா? ஈரத்துல இடிச்சா சுளுவா வந்துரும்."

"வேண்டாம்ணே. இது இருக்கட்டும்" என்றாள் கனி. "அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு போடணும். எத்தனை மூடை சிமெண்டு ஆகும்னு பாருங்க."

"கல்லு நாங்க கொண்டாரோம்" என்றாள் பொன்னுத்தாயி உடனே. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, முகம் மாறிப்போனது. குவாரிப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. சீனியம்மாள்தான் பொறுக்க மாட்டாமல் கனியின் கையைப் பிடித்தாள்.

"ஏ கனி, யோசிச்சுத்தான் சொல்லுதியா? இங்க கூரை போட்டோம், அங்க போயிட்டாரு. அங்கயும் போட்டா அடுத்த விலக்குக்குப் போயிருவாரு. அப்படியே ஒவ்வொரு ஊராத் தள்ளித் தள்ளிப் போயிருவாருடி. பெறகு நீ எங்க போய்ப் பாப்ப உன் தாத்தாவ?"

மேகம் விலகி எதிர்ப்பக்கம் வெயில் அடிக்க ஆரம்பித்தது. நனைந்த சரளை மேல் உருமாக்கட்டு முதலில் தெரிந்தது, அப்புறம் தோள், அப்புறம் இடுப்பில் ஊன்றிய கை. ஹரிணி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள். கனி பார்த்துக்கொண்டே நின்றாள், கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"போகட்டும் மதினி" என்றாள் சீனியம்மாளிடம். "அங்கயும் வெயில் அடிக்குதுல்ல."